வேலையில இருந்துக்கிட்டே மேல படிக்கலாமான்னு யோசிக்கிற டீச்சர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் திண்டுக்கல் மாவட்டத்துல ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில கணக்கு பட்டதாரி ஆசிரியை. சர்வீஸ் 19 வருஷம் ஆச்சு. 16-ஆவது வருஷத்துல இக்னோல (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) எம்.ஏ எஜுகேஷன் சேந்தேன், முடிக்க ரெண்டரை வருஷம் ஆச்சு. அதுலருந்து பக்கத்துப் பள்ளி டீச்சர்கள் கூடற குறுவள மையக் கூட்டத்துக்குப் போனாலும் சரி, பேப்பர் திருத்துற கேம்ப்புக்குப் போனாலும் சரி, யாராவது ஒரு டீச்சர் தனியா கூப்ட்டு "நானும் படிக்கலாமான்னு இருக்கேன், ஆனா..."ன்னு ஆரம்பிப்பாங்க. அந்த "ஆனா"வுக்கு அப்பறம் வர்ற கேள்விங்க எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதனால பதிலை எல்லாம் ஒரே இடத்துல எழுதிட்டேன். நான் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில இருந்து பேசறேன், தனியார் பள்ளியில இருக்கவங்களுக்கு அனுமதி, சம்பளம் பத்தி சொல்றது பொருந்தாது, மத்தது பொருந்தும்.

16 வருஷம் பாடம் எடுத்தாச்சு. இதுக்கு மேல படிச்சு என்ன புதுசா தெரிஞ்சுக்கப் போறோம்?

நானும் இதைத்தான் நெனச்சேன். பாடம் எனக்கு மனப்பாடம், எட்டாம் வகுப்பு கணக்கு புக்கை மூடி வச்சுட்டு கரும்பலகையில எழுதிக்கிட்டே போவேன். ரிசல்ட்டும் மோசமில்ல.

ஆனா ஒரு விஷயம் மட்டும் வருஷா வருஷம் அப்படியே இருந்துச்சு. 1/2 + 1/3 போட்டா கிளாஸ்ல பாதிக்குக் கிட்ட 2/5-ன்னு எழுதுவாங்க. மேலயும் கூட்டி கீழயும் கூட்டிடுவாங்க. நான் சிவப்புப் பேனாவுல இன்டு போட்டு, "மீ.சி.ம (எல்.சி.எம்) எடுக்கணும்னு எத்தன வாட்டி சொல்லிருக்கேன்"னு திரும்ப அதே முறையை நடத்துவேன். அடுத்த வாரம் சரியா போடுவாங்க, பரீட்சையில மறுபடி 2/5. 16 வருஷத்துல ஒரு பிள்ளைகிட்டகூட "நீ எப்படிம்மா யோசிச்ச, அஞ்சு எங்கருந்து வந்துச்சு"ன்னு நான் உக்காந்து கேட்டதில்ல. பதில் தப்புன்னு தெரியும், எந்த வழியா போய் அந்தத் தப்புக்கு வந்தான்னு தெரியாது, தெரிஞ்சுக்கணும்னும் தோணல. அந்தக் கேள்வியை நான் கேக்கக் கத்துக்கிட்டதுதான் இந்தப் படிப்புல எனக்குக் கெடச்சது. அது எப்படி நடந்துச்சுன்னு ப்ராஜெக்ட் பத்தின கேள்வியில விரிவா சொல்றேன்.

கணக்கு தெரிஞ்சிருக்கறது வேற, கணக்கைப் பிள்ளைக்கு எப்படிப் புரிய வைக்கிறதுன்னு தெரிஞ்சிருக்கறது வேற, இது ரெண்டும் கலந்த இன்னொரு அறிவு ஒண்ணு இருக்கு, அதுதான் டீச்சரோட சொந்த அறிவுன்னு ஷுல்மன்னு ஒரு அமெரிக்க அறிஞர் 1986-ல எழுதினார். எந்தத் தலைப்புல பிள்ளைங்க எங்க தடுக்கி விழுவாங்க, எந்த உதாரணம் எடுபடும், எது குழப்பும்ங்கிறதெல்லாம் அதுக்குள்ள வருது. அதைப் படிச்சப்ப என் 16 வருஷ அனுபவத்துக்கு ஒரு பேர் கெடச்ச மாதிரி இருந்துச்சு, கூடவே அதுல எவ்ளோ ஓட்டை இருக்குன்னும் தெரிஞ்சுச்சு.

எம்.எட் படிக்கலாமா, எம்.ஏ எஜுகேஷனா, இல்ல என் சப்ஜெக்ட்லயே எம்.எஸ்ஸி, எம்.ஏவா?

மொதல்ல எதுக்குப் படிக்கிறீங்கன்னு முடிவு பண்ணுங்க. மூணும் மூணு வேற பாதை, தெரியாம சேந்துட்டு அப்பறம் வருத்தப்படுறவங்களை நெறய பாத்துட்டேன்.

முதுகலை ஆசிரியர் பதவி உயர்வுதான் குறின்னா உங்க பாடத்துல பி.ஜி வேணும். கணக்கு டீச்சர்னா எம்.எஸ்ஸி கணக்குதான். எம்.ஏ எஜுகேஷன் வச்சிருந்தா அந்தப் பதவி உயர்வுப் பட்டியல்ல பேர் வராது, இதைத் தெளிவா மனசுல வச்சுக்குங்க.

பி.எட் காலேஜ்ல, ஆசிரியர் பயிற்சி நிறுவனத்துல சொல்லிக்குடுக்கப் போகணும்னு ஆசை இருந்தா எம்.எட் நல்ல வழி. ஆனா எம்.எட் 2015-லருந்து ரெண்டு வருஷக் கோர்ஸ், நேர்ல போய்ப் படிக்கிறதுதான். முன்னாடி தபால்ல எம்.எட் முடிச்ச சீனியர்களைப் பாத்துட்டு "நானும் அப்படியே போட்டுடறேன்"னு சொல்றவங்க இருக்காங்க, அந்தக் காலம் போயிடுச்சு. யாராவது தபால்ல எம்.எட் தர்றோம்னு விளம்பரம் போட்டா பணம் கட்டாதீங்க. திரும்ப ஒரு வருஷமா மாத்துற பேச்சு 2025-லருந்து ஓடுது, சேர்ற நேரத்துல என்ன நிலைமைன்னு பாத்துக்குங்க.

வேலையை விடாம, லீவு போடாம, கல்வியைப் பத்தியே ஆழமா படிக்கணும்னா எம்.ஏ எஜுகேஷன். இதை தொலைநிலையில படிக்கலாம். கல்வியோட நோக்கம் என்ன, பிள்ளை எப்படிக் கத்துக்குது, சமூகம் பள்ளிக்கூடத்தை எப்படி மாத்துது, ஆராய்ச்சி பண்றது எப்படின்னு எங்க பேட்ச்ல பேப்பர் இருந்துச்சு, கடைசியில ஒரு ஸ்பெஷலைசேஷன், ஒரு ப்ராஜெக்ட். பி.எட்டோட சேத்து இது இருந்தா பி.எட் காலேஜ்ல கல்வி அடிப்படைப் பாடங்கள் எடுக்கற போஸ்ட்டுக்கு அப்ளை பண்ற வழியும் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தோட 2014 விதிகள்ல இருக்கு, ஆனா ரெண்டுலயும் 55 சதவீதம் கேப்பாங்க.

நான் ஏன் இதை எடுத்தேன்னா எனக்கு வகுப்பறையை விட்டுப் போற ஆசை இல்ல. அங்கயே இருந்துக்கிட்டு அதை நல்லா பாக்கணும்னு ஆசை.

படிச்சா இன்கிரிமென்ட் உண்டா?

முன்னாடி இருந்துச்சு. உயர்கல்வி முடிச்சா ஊக்க ஊதியம்னு சம்பளத்தோட சேந்து கடைசி வரைக்கும் வரும், அதுக்காகவே படிச்சவங்க நம்ம ஸ்டாஃப் ரூம்லயே இருக்காங்க. 2020 மார்ச்ல அரசு அதை நிறுத்திடுச்சு, பின்னாடி ஒரே தடவை குடுக்கற தொகையா மாத்தினாங்க. எவ்ளோ, யாருக்குங்கிறதுக்கு நடப்பு அரசாணையைப் பாருங்க, சங்கத்துல கேட்டா நகல் தருவாங்க.

அந்த இன்கிரிமென்ட் போனது எனக்கும் வருத்தம்தான், படிக்கிற டீச்சருக்கு அரசு குடுத்த மரியாதை அது, திரும்ப வரணும்னுதான் ஆசைப்படுறேன். ஆனா பணக் கணக்கை மட்டும் வச்சு முடிவெடுக்கணும்னா இன்னைக்கு தேதிக்கு இந்தப் படிப்பு லாபம் இல்லன்னு நேரடியாவே சொல்லிடறேன். செலவைப் பொறுத்தவரை, எங்க பேட்ச்ல ரெண்டு வருஷ ஃபீஸும் சேத்து என் ஒரு மாசச் சம்பளத்துல பாதிகூட வரல.

துறையில அனுமதி வாங்கணுமா?

வாங்கணும், சேர்றதுக்கு முன்னாடியே. எச்.எம் வழியா விண்ணப்பம் குடுத்து எழுத்துல கையில வாங்கிக்குங்க. வாய்வார்த்தையா "படிங்க டீச்சர், யார் கேக்கப்போறா"ன்னு சொல்ற எச்.எம் அடுத்த வருஷம் மாறுதல்ல போயிடுவார், நீங்க அங்கயேதான் இருப்பீங்க. முடிச்சதும் சான்றிதழுக்கு உண்மைத்தன்மைச் சான்று வாங்கி பணிப்பதிவேட்டுல பதிவு பண்ணச் சொல்லுங்க. பதிவாச்சான்னு எஸ்.ஆரைத் திறந்து கண்ணால பாருங்க.

சேர்ற பல்கலைக்கழகத்துக்கு அந்தக் கோர்ஸை தொலைநிலையில நடத்த யு.ஜி.சி (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதி இருக்கான்னு அவங்க தொலைநிலைக் கல்விப் பிரிவோட (டெப்) வெப்சைட்ல பாத்துடுங்க. பல்கலைக்கழகத்துக்கு அனுமதி இருந்தா மட்டும் போதாது, குறிப்பிட்ட கோர்ஸுக்கும் இருக்கணும், அந்தக் கல்வியாண்டுக்கும் இருக்கணும். 2024-லருந்து தொலைநிலையில சேர டெப் ஐடின்னு ஒண்ணும் கேக்கறாங்க, ஆதார், ஏ.பி.சி ஐடி (படிப்புல வாங்கற கிரெடிட்டைச் சேத்து வைக்கிற கணக்கு எண்) ரெண்டும் இருந்தா போன்லயே எடுத்துடலாம்.

எம்.எஸ்ஸி ஒண்ணு, எம்.ஏ எஜுகேஷன் ஒண்ணு, ரெண்டையும் ஒண்ணா படிக்கலாமா?

2022 ஏப்ரல்லருந்து யு.ஜி.சி விதிப்படி படிக்கலாம். துறை அனுமதி ரெண்டுக்கும் தனித்தனியா வேணும். ஆனா என்னைக் கேட்டா வேண்டாம். ஸ்கூல், வீடு, ரெண்டு டிகிரின்னு வச்சா எதையும் படிக்க மாட்டீங்க, பாஸ் மட்டும் பண்ணுவீங்க.

நேரம் எங்கருந்து வரும்? வீட்டு வேலை, பள்ளி விவரம் ஏத்தற எமிஸ் வேலை, தேர்தல் வேலைன்னு மூச்சு விடவே முடியல.

இதுக்கு என்கிட்ட மந்திரம் எதுவும் இல்ல, நான் செஞ்சதை மட்டும் சொல்றேன். காலையில நாலரைலருந்து ஆறு வரைக்கும் என் நேரம்னு வீட்ல சொல்லிட்டேன். மொத ரெண்டு மாசம் யாரும் மதிக்கல, நான் புக்கை எடுத்தா காபி கேப்பாங்க. என் மாமியார்தான் ஒருநாள் "அவ பரீட்சைக்குப் படிக்கிறா, நான் போட்டுத் தர்றேன்"னு அடுப்படிக்குப் போனாங்க, அவங்க அஞ்சாம் வகுப்போட நிப்பாட்டப்பட்டவங்க. அன்னைக்கிலருந்து அந்த ஒன்றரை மணி நேரத்தை யாரும் தொடல.

அப்பறம் பஸ். எனக்கு ஸ்கூலுக்குப் போக முக்கால் மணி நேரம், வர முக்கால் மணி நேரம். பாடத்தை நானே சத்தமா வாசிச்சு போன்ல ரெக்கார்ட் பண்ணி வச்சு ஜன்னல் சீட்ல கேட்டுக்கிட்டே போவேன்.

இக்னோல சேர்க்கை வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஜனவரி ஒண்ணு ஜூலை ஒண்ணு, பரீட்சையும் ஜூன், டிசம்பர்னு ரெண்டு தடவை. நமக்கு ஜூன்ல ஸ்கூல் திறக்குற பரபரப்பு, டிசம்பர்ல அரையாண்டு. ரெண்டுமே நெருக்கடிதான், அதனால ஒரே தடவையில எல்லா பேப்பரையும் எழுதணும்னு கட்டாயப்படுத்திக்காதீங்க. நான் ஒரு டிசம்பர்ல ரெண்டு பேப்பர் மட்டும்தான் எழுதினேன், மீதியை ஜூனுக்குத் தள்ளினேன், அதனாலதான் அரை வருஷம் கூட ஆச்சு. அதுல ஒண்ணும் குறைஞ்சு போயிடல. பரீட்சைக்கு மதுரை போவேன், ஆரப்பாளையத்துல இறங்கி ஒரு டீ குடிச்சுட்டு சென்டருக்கு நடக்கறப்ப 20 வயசுல காலேஜ் போன மாதிரி இருக்கும்.

அசைன்மென்ட்டுக்கு 30 சதவீதம், பரீட்சைக்கு 70 சதவீதம். அசைன்மென்ட்டை கையால எழுதணும், எழுதினதை ஸ்கேன் எடுத்து வச்சுக்குங்க, குடுத்ததுக்கு ரசீது வாங்கி பத்திரமா வைங்க. மார்க் ஏறுற வரைக்கும் அதைத் தூக்கிப் போடாதீங்க.

எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு. நான் தமிழ் மீடியம். சமாளிக்க முடியுமா?

முடியும். நான் பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் வழி, கிராமத்து ஸ்கூல். மொத யூனிட்டை நாலு பக்கம் படிக்கறதுக்கு ஒரு வாரம் ஆச்சு, புக்கை மூடிட்டு அழுதேன்னே சொல்லலாம்.

எனக்கு உதவுனது ஒரு 80 பக்க நோட்டு. புதுசா வர்ற ஒவ்வொரு கலைச்சொல்லையும் எழுதி, அதுக்கு அகராதி அர்த்தம் எழுதாம, என் கிளாஸ்ல நடந்த ஒரு சம்பவத்தை எழுதுவேன். உதாரணத்துக்கு வைகாட்ஸ்கின்னு ரஷ்ய உளவியலாளர் சொன்ன ஒரு கருத்து, பிள்ளை தானா செய்ய முடியாது, ஆனா பக்கத்துல ஒருத்தர் கொஞ்சம் தாங்கிப் பிடிச்சா செஞ்சிடும், அந்த இடைவெளியிலதான் கத்துக்கறது நடக்குதுன்னு. புக்ல அது ஒன்றரைப் பக்கம். என் நோட்டுல, "வகுத்தல் வராத பிள்ளை பக்கத்துல பெரிய பாப்பா உக்காந்து, அடுத்து என்ன இறக்கணும்னு மட்டும் கேட்டா, அவ போட்டுட்டா"ன்னு ஒரே வரி. பரீட்சையிலயும் அந்தச் சம்பவத்தைத்தான் என் இங்கிலீஷ்ல எழுதினேன், நல்ல மார்க் வந்துச்சு. அழகான இங்கிலீஷை அவங்க தேடல, புரிஞ்சிருக்கான்னுதான் பாக்கறாங்க.

சேர்றதுக்கு முன்னாடியே பாடத்தை ருசி பாக்கணும்னா இக்னோவோட பாடப்புத்தகங்கள் இ-ஞானகோஷ்ங்கிற தளத்துல இலவசமா இருக்கு. ரெண்டு யூனிட் டவுன்லோட் பண்ணிப் படிச்சுப் பாருங்க, பிடிக்குதான்னு அப்பவே தெரிஞ்சிடும்.

இந்த தியரி எல்லாம் வெளிநாட்டுக்காரங்க எழுதினது. 45 பிள்ளைங்க இருக்கற நம்ம கிளாஸுக்கு ஒத்து வருமா?

எல்லாம் ஒத்து வராது. சிலது ஒத்து வந்துச்சு, அதுல ரெண்டை மட்டும் சொல்றேன், ஏன்னா அதுக்கு காசும் வேணாம், கருவியும் வேணாம்.

மேரி பட் ரோன்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1970-கள்ல வகுப்பறைகளைப் பதிவு பண்ணிக் கேட்டாங்க. டீச்சர் கேள்வி கேட்டுட்டு பதிலுக்காகக் காத்திருக்கறது சராசரியா ஒரு செகண்ட்தான். அதை மூணு செகண்ட் ஆக்கினா பிள்ளைங்க பதில் நீளமாகுது, பேசாத பிள்ளைங்க பேசறாங்கன்னு கண்டுபிடிச்சாங்க. நான் அப்படியெல்லாம் அவசரப்படறவ இல்லன்னு நெனச்சுக்கிட்டு என் போனை மேஜை டிராயர்ல வச்சு ஒரு பீரியட் ரெக்கார்ட் பண்ணேன். வீட்ல வந்து கேட்டேன். கேள்வியைக் கேட்டு முடிக்கறதுக்குள்ள "சொல்லு, சொல்லு, நீ சொல்லு"ன்னு நானே அடுத்தவளுக்குத் தாவறேன், நாலாவது ஆள்கிட்ட போறப்ப பதிலையும் நானே சொல்லிடறேன். அந்த ஆடியோவைக் கேட்ட ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. அடுத்த நாள்லருந்து கேள்வி கேட்டுட்டு மனசுக்குள்ள ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுவேன். மொத வாரம் அந்த அமைதி எனக்கே பயமா இருந்துச்சு. மூணாவது வாரம் கடைசி பெஞ்ச்ல ஜூன்லருந்து வாயே திறக்காத ஒரு பொண்ணு கை தூக்கிச்சு.

இன்னொண்ணு நோட்டு திருத்தறது. ரூத் பட்லர்ங்கிறவங்க 1988-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, சில பிள்ளைங்களுக்கு மார்க் மட்டும், சிலருக்கு குறிப்பு மட்டும், சிலருக்கு ரெண்டும். குறிப்பு மட்டும் வாங்கின பிள்ளைங்கதான் முன்னேறினாங்க. மார்க்கும் போட்டு குறிப்பும் எழுதினா பிள்ளை மார்க்கைப் பாத்துட்டு குறிப்பை விட்டுடுது. எவ்ளோ வருஷம் ராத்திரி உக்காந்து ரெண்டையும் எழுதிருக்கேன்! இப்ப யூனிட் டெஸ்ட்டுக்கு முந்தின பயிற்சித் தாள்ல மார்க் போடறதே இல்ல, ஒரு கேள்வி மட்டும் எழுதறேன், "இந்த ரெண்டாவது வரி எப்படி வந்துச்சு?"ன்னு. நோட்டை மூடாம பக்கத்துல இருக்கவள்கிட்ட போய்க் கேக்கறாங்க.

ப்ராஜெக்ட் எப்படிப் பண்றது? என் கிளாஸையே ஆராய்ச்சி பண்ணலாமா?

தாராளமா பண்ணலாம், அதைத்தான் பண்ணணும்னு சொல்வேன். செயலாராய்ச்சின்னு பி.எட்லயே படிச்சிருப்போம், அப்ப பத்துப் பக்கம் எழுதிக் குடுத்துட்டு மறந்திருப்போம். கர்ட் லெவின் 1940-கள்ல ஆரம்பிச்சு வச்ச முறை அது. திட்டம் போடு, செய், கவனி, யோசி, மறுபடி திட்டம் போடு, அவ்ளோதான். நம்மை மாதிரி கிளாஸ்ல நிக்கிறவங்களுக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்ல.

நிறைய பேர் செய்ற தப்பு, பெரிய தலைப்பா எடுக்கறது. "தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கணிதக் கல்வியின் நிலை"ன்னு எடுத்தா நீங்க எங்க போய் நிப்பீங்க? நானும் மொதல்ல அப்படித்தான் எழுதிக் குடுத்தேன். கைடு அதைப் படிச்சுட்டு கேட்டார், "அம்மா, உங்களுக்கு தினமும் எது எரிச்சலா இருக்கு?" நான் யோசிக்காம சொன்னேன், "ரெண்டின் கீழ் ஒண்ணும் மூணின் கீழ் ஒண்ணும் சேத்தா அஞ்சின் கீழ் ரெண்டுன்னு எழுதறாங்க சார்." "அதை எடுங்க"ன்னுட்டார்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைங்களுக்கு பின்னத்துல பத்து கணக்கு குடுத்தேன். அதுல தப்பு விட்டவங்கள்ல ஒன்பது பேரை ஸ்கூல் விட்டதும் ஒவ்வொருத்தரா வேப்பமரத்தடியில உக்கார வச்சு, திருத்தாம, திட்டாம, எப்படிப் போட்டேன்னு மட்டும் சொல்லச் சொன்னேன். திருத்தாம கேக்கறது எவ்ளோ கஷ்டம்னு செஞ்சு பாத்தாதான் தெரியும், நாக்கு நுனியில "இல்லடா"ன்னு வந்து நிக்கும்.

ஒரு பையன் சொன்னான், "மிஸ், மொதல்ல ரெண்டு பால்ல ஒரு சிக்ஸ் அடிச்சேன். அடுத்து மூணு பால்ல ஒரு சிக்ஸ். மொத்தம் அஞ்சு பால்ல ரெண்டு சிக்ஸ்தானே மிஸ்?" எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரல. அவன் சொன்னது சரி! சிக்ஸருக்கு அந்தக் கணக்கு முழுக்க சரி. அவன் கூட்டத் தெரியாம கூட்டல, வேற ஒரு கேள்விக்கு சரியான பதிலைப் போட்டிருக்கான். அவன் கணக்குல ரெண்டு பால் ஒரு முழுசு, மூணு பால் இன்னொரு முழுசு, கடைசியில அஞ்சு பால் மூணாவது முழுசு. பின்னக் கூட்டல்ல முழுசு ஒண்ணுதான், ஒரே அளவு சப்பாத்தி. அந்த வித்தியாசத்தை 16 வருஷத்துல ஒரு நாளும் நான் வாய் திறந்து சொன்னதில்ல, ஏன்னா அப்படி ஒரு குழப்பம் இருக்கும்னே எனக்குத் தெரியாது. மீ.சி.ம, மீ.சி.மன்னு கத்திக்கிட்டே இருந்திருக்கேன்.

இன்னொரு பொண்ணு 1/4, 1/3-ஐ விடப் பெருசுன்னா, நாலு மூணை விடப் பெருசுன்னு. இது எல்லா ஊர்லயும் பிள்ளைங்க செய்றதுதான், முழு எண்ல படிச்ச பழக்கத்தை பின்னத்துக்கும் கொண்டு வந்துடறாங்கன்னு ஆய்வுகள்ல படிச்சிருந்தேன், ஆனா படிச்சதை நம்ம பிள்ளை வாயாலயே கேக்கறப்ப அது வேற மாதிரி இருக்கு.

அப்பறம் ஆறு வாரம் காகிதப் பட்டை மடிச்சு, எண்கோடு போட்டு, "எது முழுசு?"ங்கிற கேள்வியை ஒவ்வொரு கணக்குக்கும் முன்னாடி கேக்க வச்சு நடத்தினேன். அந்தப் பையன்கிட்ட பாதி சப்பாத்தியையும் மூணுல ஒரு பங்கையும் சேத்து வைக்கச் சொன்னேன். வச்சுப் பாத்துட்டு அவனே "மிஸ், இது பாதிக்கு மேல வருது, 2/5 பாதிக்கும் கம்மியாச்சே"ன்னான். இதுக்கப்பறம் மீ.சி.ம சொல்லிக்குடுத்தேன், அப்பதான் அது எதுக்குன்னு அவனுக்குப் புரிஞ்சுது. கடைசி டெஸ்ட்ல மேலயும் கீழயும் கூட்டினவங்க ஆறேழு பேர்தான். ரெண்டு மாசம் கழிச்சு திரும்ப வச்சப்ப அதுல ரெண்டு மூணு பேர் கூடியிருந்தாங்க, அதையும் மறைக்காம ரிப்போர்ட்ல எழுதினேன். எழுதுங்க. நம்ம முறை நூத்துக்கு நூறு ஜெயிச்சுதுன்னு எழுதற ரிப்போர்ட்டால யாருக்கும் பிரயோஜனம் இல்ல.

பிள்ளைங்களைப் பேட்டி எடுக்கறதுக்கு எச்.எம் அனுமதியும் பெத்தவங்க சம்மதமும் எழுத்துல வாங்குங்க, பிள்ளைகிட்டயும் கேளுங்க, வேணாம்னா விட்டுடுங்க. ரிப்போர்ட்ல பிள்ளை பேரோ ஸ்கூல் பேரோ வரக்கூடாது. நாம மார்க் போடற டீச்சர், "இஷ்டமா"ன்னு கேட்டா பிள்ளை மறுக்காது, அதனால "இதுக்கும் மார்க்குக்கும் சம்பந்தம் இல்ல"ன்னு திரும்பத் திரும்பச் சொல்லணும்.

ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பயமா இருக்கு.

முப்பது நாப்பது பிள்ளைங்க ப்ராஜெக்ட்டுக்கு சராசரி, திட்ட விலக்கம், டி-டெஸ்ட் (ரெண்டு சராசரிக்கு நடுவுல இருக்கற வித்தியாசம் தற்செயலான்னு பாக்கற சோதனை) வரைக்கும் போதும், எக்ஸெல் போட்டுத் தரும். எண்ணுக்குப் பின்னாடி இருக்கற பிள்ளை என்ன சொல்லுச்சுங்கறதை நல்லா எழுதுங்க. அடுத்தவங்க தீசிஸ் எப்படி இருக்குன்னு பாக்க சோத்கங்கா தளத்துல இந்தியப் பல்கலைக்கழகங்களோட பி.ஹெச்டி ஆய்வேடுகள் கெடைக்கும், பாருங்க, ஆனா வெட்டி ஒட்டாதீங்க. காசு குடுத்து எழுதி வாங்கற கடைங்க எல்லா ஊர்லயும் இருக்கு. அந்தப் பக்கமே போகாதீங்க. பிள்ளைங்களைக் காப்பி அடிக்காதேன்னு சொல்ற வாய் நம்மது.

பயிற்சிதான் வருஷம் முழுக்க நடக்குதே, அது போதாதா?

பயிற்சி வேணும், நான் எதிர்க்கல. தமிழ்நாடு அரசோட எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ல வந்தப்ப ஒன்னாவதுலருந்து மூணாவது வரைக்கும் எடுக்கற டீச்சர்கள் அந்தப் பயிற்சியில நெறய கத்துக்கிட்டாங்க, பக்கத்து தொடக்கப் பள்ளி டீச்சர் என்கிட்ட வந்து ஆசையா கார்டெல்லாம் காட்டினாங்க. ஆனா பயிற்சியில கேள்வி அவங்களுது, பதிலும் அவங்களுது, நாம கையெழுத்து போட்டு போட்டோ எடுத்துட்டு வர்றோம். வருஷத்துக்கு 50 மணி நேரம் தொழில் மேம்பாடுன்னு 2020 தேசிய கல்விக் கொள்கை சொல்லுது. மணி நேரத்தை எண்ணலாம், ஆனா என் கிளாஸ்ல எனக்கு இருக்கற கேள்வியை நான் ரெண்டு வருஷம் துரத்தறதுக்கு எந்தப் பயிற்சியிலயும் இடம் இல்ல. அந்த இடத்தை எனக்குப் படிப்புதான் குடுத்துச்சு.

ஸ்டாஃப் ரூம்ல என்ன சொல்வாங்க?

சிலர் "இந்த வயசுல எதுக்கு"ம்பாங்க, சிலர் அமைதியா உங்க புக்கை வாங்கிப் பாப்பாங்க. ரெண்டாவது ரகத்தைக் கவனிங்க. ஒண்ணு மட்டும் ஜாக்கிரதை, படிக்க ஆரம்பிச்ச புதுசுல அடுத்தவங்க கிளாஸைக் குறை சொல்ற ஆசை வரும். எனக்கு வந்துச்சு, ஒரு சீனியர் டீச்சர் பாடம் எடுக்கறதைப் பத்தி வாய் விட்டுட்டேன், அவங்க மனசு புண்பட்டுச்சு, நேர்ல போய் மன்னிப்பு கேட்டேன். அவங்க 28 வருஷமா பெருக்கல் வாய்ப்பாட்டைப் பாட்டாவே சொல்லிக்குடுத்து ஒரு பிள்ளையைக்கூட விட்டதில்ல. அது எந்தப் புக்லயும் இல்ல.

அடுத்து பி.ஹெச்டி பண்ணலாமா?

எம்.ஏல 55 சதவீதம் இருந்தா தகுதி உண்டு. எம்.ஃபில் இப்ப கெடையாது, 2022 நவம்பர்ல வந்த யு.ஜி.சி விதியில நிறுத்திட்டாங்க. அதே விதியில வேலை பாத்துக்கிட்டே பகுதி நேரமா பி.ஹெச்டி பண்ண வழி இருக்கு, துறையில தடையின்மைச் சான்று வேணும். குறைஞ்சது மூணு வருஷம், அதிகபட்சம் ஆறு, அதுக்கு மேல மறுபதிவு பண்ணி ரெண்டு வருஷம் நீட்டிக்கலாம். 2024 ஜூன்லருந்து நெட் (தேசியத் தகுதித் தேர்வு) மார்க்கை வச்சும் பி.ஹெச்டி சேர்க்கை நடக்குது, கல்வியியலும் நெட்ல ஒரு பாடம். பக்கத்துல பல்கலைக்கழகம் இருக்கறது முக்கியம், எங்களுக்கு காந்திகிராமம் கிட்டக்க இருக்கு, எல்லாருக்கும் அப்படி அமையாது. கைடு யாருன்னு பாத்துட்டு சேருங்க, தலைப்பு அப்பறம்.

எனக்கு 52 வயசு. இனிமே படிச்சு என்ன ஆகப்போகுது?

ஓய்வு வயசு இப்ப 60. இன்னும் எட்டு வருஷம், எட்டு பேட்ச். உங்க கையில இன்னும் நூத்துக்கணக்குல பிள்ளைங்க வரப்போறாங்க. படிக்கணும்னு தோணுச்சுன்னா படிங்க டீச்சர். எங்க பேட்ச்ல 56 வயசு சார் ஒருத்தர் இருந்தார், பரீட்சை ஹால்ல எங்களுக்கெல்லாம் பேனா ரீஃபில் குடுப்பார்.

முடிச்சப்பறம் உங்ககிட்ட உண்மையில என்ன மாறுச்சு?

அதே ஸ்கூல், அதே எட்டாம் வகுப்பு, அதே சம்பளம். வியாழக்கிழமை கடைசி பீரியட் முடிஞ்சதும் நாங்க நாலு டீச்சர் உக்காருவோம், கணக்கு ரெண்டு பேர், அறிவியல் ஒருத்தர், தமிழ் ஐயா ஒருத்தர். ஆளுக்கு ஒரு தப்பான பதில் கொண்டு வரணும், அந்த வாரம் பிள்ளைங்க எழுதினது. பேரை மறைச்சுட்டு நடுவுல வச்சு, இது எப்படி வந்திருக்கும்னு பேசுவோம். போன வாரம் தமிழ் ஐயா கொண்டு வந்தது, "மரத்தை வெட்டினான்"ல வேற்றுமை உருபு எதுன்னு கேட்டதுக்கு ஒரு பிள்ளை "கோடாலி"ன்னு எழுதியிருக்கு. நாங்க அரை மணி நேரம் பேசியும் எங்களுக்குப் பிடிபடல. அந்தப் பிள்ளையையே கேட்டுட்டு வர்றேன்னு ஐயா சொல்லியிருக்கார், இந்த வியாழக்கிழமை தெரியும்.